மூச்சு மாமாவும் அறுந்த இழையும்

ஆரணி சுற்றுவட்டாரத்தில் பிரசவ வலியை அதிகம் அனுபவித்த ஆள் யார் என்று கேட்டால், தயங்காமல் மூச்சு மாமா என்பேன். முறுக்கு மீசைக்காரர், பட்டுச் சேலை நெய்பவர். ஆனால் சேவூரில் எங்கள் தெருவில் யாருக்கு மாதம் நெருங்கினாலும் அவர்தான் முதலில் இடுப்பைப் பிடித்துக்கொள்வார்.

எல்லாம் செல்போனால் வந்த வினை. மூச்சுப் பயிற்சியால் யாரோ ஒரு வெளிநாட்டு அம்மாளுக்குச் சுகப்பிரசவம் ஆனதை வீடியோவில் பார்த்துவிட்டார்.

"இத்த சொல்லித்தர வெளிநாட்டுக்காரி எதுக்கு? நம்ம தறி இருக்குதே" என்று தெருவிலிருந்த மூன்று கர்ப்பிணிகளையும் தறிக்கு எதிரே பாய் போட்டு உட்கார வைத்தார்.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்த நானும் அந்த மூவரில் ஒருத்தி. எனக்கு ஊசியைப் பார்த்தாலே கண் இருட்டும். டாக்டரோ, "சுகப்பிரசவத்துக்கு வாய்ப்பு இருக்கு, பயப்படாம மூச்சு விடப் பழகுங்க" என்று அனுப்பிவிட்டார். மூச்சாவது பழகலாம், பயப்படாமல் இருப்பதை எங்கே போய்ப் பழகுவது?

மாமா மிதியை அழுத்தினால் மூச்சை இழுக்க வேண்டும். நூல் சுமந்த நாடா குறுக்கே ஓடும்போது பிடிக்க வேண்டும். பலகை அடித்ததும் விட வேண்டும். நன்றாகத்தான் போயிற்று, இழை அறுந்தால்தான் ஆபத்து. பாதியில் தறி நின்றுவிடும். மாமா குனிந்து, இழையைத் தேடி, முடிச்சுப் போடும்வரை நாங்கள் மூவரும் கண் பிதுங்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம்.

"அண்ணே, ஜல்தி கட்டுங்க. பொண்ணுங்க மூஞ்சி செவந்துகினே வருது" என்பாள் அம்மா.

"பட்டும்மா இது. அவசரப்பட்டா இன்னொன்னு அறுந்துடும்" என்பார் அவர், தலை நிமிராமல்.

பிரசவ அறைக்குள் தறியைக் கொண்டுபோக முடியாதல்லவா? அதனால் மாமா தறிச் சத்தத்தை அம்மாவின் போனில் பதிந்து கொடுத்தார். ஒரு மணி நேரம், நடுவில் எதையும் வெட்டாமல்.

வலி கண்டது ஒரு காலை நேரம். அம்மா துணைக்கு உள்ளே வந்தாள், மாமா ஜன்னலுக்கு வெளியே நின்றார். போனில் தறி ஓடியது. இழுத்தேன், பிடித்தேன், விட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், பயம் பாதியாகக் குறைந்தது. உயிர் போகும் வலி வந்த நேரம் பார்த்து, போனில் தறி நின்றது.

பழக்கதோஷம், நானும் மூச்சை நிறுத்திவிட்டேன்.

"ஏம்மா, மூச்சு வுடும்மா, கொழந்தைக்கு ஆவாது" என்று நர்ஸ் பதறினார்.

"இழ அறுந்துட்டுது சிஸ்டர், இருங்க, கட்டிடுவாரு" என்றாள் அம்மா நிதானமாக.

அப்போது ஜன்னல் கதவில் தடார் தடார் என்று அடி விழுந்தது.

"கட்டிட்டேன், வுடும்மா. இப்ப வுடு" என்று மாமாவின் குரல்.

விட்டேன். அடுத்த நான்கைந்து அடிகளுக்குள் என் மகள் வந்து அழுதாள்.

அவளை ஒரு நர்ஸ் துடைத்துக்கொண்டிருக்க, வெளியே இன்னொரு நர்ஸ் மாமாவைப் பெஞ்சில் படுக்கவைத்து விசிறிக்கொண்டிருந்தாராம். என்னை மூச்சு விடச் சொன்ன மனிதர், தான் விட மறந்துவிட்டார்.

மகளுக்கு இப்போது மூன்று வயது. சேவூருக்கு வந்தால் மதியத்தில் மாமாவின் தறிச் சத்தத்தில்தான் தூங்குவாள். அந்தச் சத்தம் சட்டென்று நிற்கும்போது, இழைதான் அறுந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் மறுபடி பலகை அடிக்கும்வரை நான் மூச்சு விடுவதில்லை.