பூட்டுக்காரரின் குடல்வால்

குடல்வாலை எடுத்தே ஆக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது, பூட்டு ரிப்பேர்காரர் முகத்தில் கல்யாணக் களை வந்துவிட்டது. காரணம், வீட்டில் நின்ற இரும்பு பீரோ. அடுத்து குடிபோகவிருந்த புது வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. "பீரோ தூக்க ஆள் எதுக்கு? நான் இருக்கேன்ல?" என்று மனைவியிடம் ஒருநாள் மீசையை முறுக்கிச் சொல்லித் தொலைத்திருந்தார். அன்றிலிருந்து அந்த பீரோ தினமும் கனவில் வந்து அவர் மார்பில் ஏறி உட்கார்ந்தது.

"மருந்துல வலி அடங்கியிருக்கு, அவசரமில்லை," என்றார் டாக்டர். "வயித்தைக் கீறியும் எடுக்கலாம். சின்னத் துவாரம் போட்டு, கேமரா விட்டும் எடுக்கலாம். துவாரம்னா சீக்கிரம் எழுந்து நடமாடுவீங்க. கீறினா ரெண்டு மாசம் கனம் தூக்கக் கூடாது."

ரெண்டு மாசம்! பூட்டுக்காரர் காதில் தேன் பாய்ந்தது.

"கீறியே எடுத்துடுங்க டாக்டர். நான் ஆயுசு முழுக்கச் சாவித்துவாரத்தோட மாரடிச்சவன். உள்ளே என்ன இருக்குன்னு அதுல உருப்படியாத் தெரியாது. கதவைத் திறந்து பார்க்கிறதுதான் முறை."

மனைவி தலையாட்டினாள். அவள் சுலபமாகத் தலையாட்டினால் பயப்பட வேண்டும் என்பது இத்தனை வருஷமாகியும் அந்த மனுஷனுக்கு உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தாள்.

"நான் வேலைக்குப் போயிட்டா ரெண்டு மாசம் உங்களை யாரு பார்த்துக்கிறது? அப்பாவை வரச் சொல்லிடறேன்."

"யாரை?"

"எங்கப்பாவைத்தான். கட்டில் பக்கத்துலயே நாற்காலி போட்டுடலாம்."

மாமனார் ஓய்வுபெற்ற வாத்தியார். பேப்பரைப் பிரித்தால் டெண்டர் விளம்பரம் வரை சத்தமாக வாசிப்பார். நடுநடுவே கேள்வி கேட்பார். தப்பாகப் பதில் சொன்னால் மறுபடியும் முதலிலிருந்து வாசிப்பார்.

"வயசானவரை எதுக்குடி அலைய விடணும்?"

"எழுந்து ஓட முடியாத ஆள் கிடைச்சா அவருக்குக் கொண்டாட்டம்தானே?"

அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"துவாரமே போட்டுடலாம்னு தோணுது. விஞ்ஞானம் எங்கேயோ போயிட்டுது பாரு."

"உங்க வயிறு, உங்க இஷ்டம். அப்ப ஆஸ்பத்திரிக்கு அப்பா வர வேண்டாம்."

துவாரம் போட்டார்கள். எடுத்தார்கள். நகத்தளவுத் தழும்புகளோடு சீக்கிரமே கடைக்குப் போகத் தொடங்கினார். "பீரோ எப்ப தூக்கலாம் டாக்டர்?" என்று அக்கறையாகக் கேட்டு வைத்திருந்தவள் மனைவிதான். டாக்டர் "இனிமே தாராளமா" என்றார். மறுநாளே வண்டி வாசலில் நின்றது.

ஒருமுனையில் பூட்டுக்காரர். மறுமுனையில் பக்கத்து வீட்டுத் தையற்காரர். இரண்டாம் மாடித் திருப்பத்தில் பீரோ நகர மறுத்தது.

"உள்ளே என்னண்ணே, யானையா?" என்றார் தையற்காரர்.

சாவி மனைவியிடம். அவள் மேலே. ஊர்ப் பூட்டையெல்லாம் திறந்தவர் தன் வீட்டு பீரோ முன்னால் மண்டியிட்டு, கதவிடுக்கில் செல்போன் வெளிச்சம் அடித்து, சாவித்துவாரத்தில் கண்ணை வைத்தார். உருப்படியாகவே தெரிந்தது. கட்டுக்கட்டாகப் பழைய பேப்பர்.

"மெதுவா, மாப்பிள்ளை!"

நிமிர்ந்தார். மாடிப்படி உச்சியில் நாற்காலி போட்டு மாமனார். பக்கத்தில் மனைவி.

"உங்கப்பா வரமாட்டார்னு சொன்னியே?"

"ஆஸ்பத்திரிக்குத்தானே வரமாட்டார்னு சொன்னேன்? இந்த வீட்டுல ஒரு அறை கூடுதலா இருக்கே, அது யாருக்குன்னு நினைச்சீங்க?"

மாமனார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அன்றைய பேப்பரைப் பிரித்தார்.

"நிறுத்தாதீங்க, மாப்பிள்ளை. தூக்கிக்கிட்டே கேளுங்க. முதல் பக்கம்..."