மேடு தேடிய ஜீப்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் எங்கெங்கே மேடு இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். ஏரிக்கரையும் வாய்க்காலும் அளந்தே தலை நரைத்து ஓய்வுபெற்ற பொறியாளன். இன்னொருவர் மேட்டு நயினார். என் கணக்கில் ஒன்றிரண்டு மேடு விட்டுப்போயிருக்கலாம். அவர் கணக்கில் விடாது.

செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பத்துக்காரர். சொந்த நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்டு, மூட்டையைத் தானே ஏற்றிவந்து விற்பவர். அவரிடம் ஒரு பழைய டீசல் ஜீப் இருந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும். சேற்று வயலில் இறக்கினாலும் முனகிக்கொண்டே ஏறிவந்துவிடும். அதற்கு ஒரு நாள் ஆல்டர்நேட்டர் போய்விட்டது. நம் பக்கத்தில் அதை டைனமோ என்றுதான் சொல்வோம். என்ஜின் ஓடும்போது பேட்டரிக்குத் தீனி போடுவது அதன் வேலை. அது போனால் பேட்டரி படுத்துவிடும். பேட்டரி படுத்தால் சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்ப முடியாது, விளக்கு எரியாது, ஹாரன் அடிக்காது. ஆனால் அந்த மாதிரிப் பழைய டீசல் என்ஜின் ஒரு தடவை கிளம்பிவிட்டால் மின்சாரத்தை எதிர்பார்க்காது. கிளப்புவதற்கு ஒரு சரிவு இருந்தால் போதும். வண்டியை உருளவிட்டு, கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால், ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு ஓட ஆரம்பித்துவிடும்.

வேறு யாராக இருந்தாலும் டைனமோவை மாற்றியிருப்பார்கள். நயினார் வாழ்க்கையை மாற்றிக்கொண்டார்.

வீட்டு வாசலில் வண்டி வண்டியாக மண் அடித்து ஒரு மேடு போட்டார். சரிவில்லாத ஊரில் இருந்த உறவுகளைக் குறைத்துக்கொண்டார். விழுப்புரத்துக்குப் போனால் ரயில் மேம்பாலத்தின் இறக்கத்தில்தான் நிறுத்துவார். போக்குவரத்துக் காவலர் வந்து வண்டியை எடுக்கச் சொன்னால், எடுக்க முடியாது, முன்னால் நிற்கிற லாரியை நகர்த்திக் கொடுங்கள், அதுவே எடுத்துக்கொண்டுவிடும் என்பார். பனமலைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்து, மலைமேல் கோயில் கட்டிய பல்லவ ராஜாவைப் பற்றி நெடுநேரம் புகழ்ந்தார். "எங்க கட்டணும்னு அந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்குது பாருங்க."

வளவனூரில் தம்பி மகனுக்குப் பெண் பார்க்கப் போனார்கள். வளவனூரோ பலகை மாதிரி சமதளம். என்ஜினை அணைத்தால் ஊர் திரும்ப முடியாது. ஆகவே ஜீப்பை வாசலில் ஓடவிட்டே உள்ளே போனார். அந்தச் சத்தத்தில் பெண் வீட்டார் சொன்னது இவர்களுக்குக் கேட்கவில்லை, இவர்கள் சொன்னது அவர்களுக்குக் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

ஹாரனுக்குப் பதிலாக, கேப்பைக் களி கிண்டும் துடுப்பு ஒன்றை வைத்திருந்தார். எதிரே யாராவது வந்தால் ஜன்னல் வழியே கையை நீட்டிக் கதவில் நான்கு அடி அடிப்பார். மாடுகள்கூட ஒதுங்கும். விளக்கைப் பற்றிக் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலுக்கு என்னிடம் மறுப்பு இல்லை. பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். "பொழுதோட சாப்ட்டுட்டுப் படுக்கறவனுக்கு லைட்டு இன்னாத்துக்கு இஞ்சினீயரே?"

இப்படிப்பட்டவர் கண்ணில் என் வீடு பட்டது. ஏரிக்கரையிலிருந்து இறங்குகிற தெருவில், சரியாகச் சரிவின் தலைப்பில் இருக்கிறது. ஒரு சந்தை நாளன்று ஜீப்பை என் வாசலில் நிறுத்தி, முன்சக்கரத்துக்கு ஒரு கருங்கல்லை அண்டைகொடுத்துவிட்டு, கதவைத் தட்டினார்.

"இந்த மேடு உங்களுதாங்க?"

முனிசிபாலிட்டியுடையது என்றேன்.

"அப்ப நீங்க வேணாம்னு சொல்ல முடியாது. தண்ணி மட்டும் குடுங்க."

அன்று தண்ணீர் குடிக்க உட்கார்ந்தவர், பிறகு பல வருஷங்கள் ஒவ்வொரு சந்தை நாளும் உட்கார்ந்தார். மூட்டையை இறக்கி விற்றுவிட்டு மத்தியானம் வருவார். அவருக்காக என் மனைவி வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் சேர்க்காமல் சமைப்பாள். சாப்பிட்டு என் சாய்வு நாற்காலியில் ஒரு தூக்கம். எழுந்து பேச்சு. மழை, உரம், ஊர் வம்பு, நான் கட்டிய மதகுகளில் எது ஒழுகுகிறது என்ற விவரம். வெயில் மஞ்சளாக மாறியதும் கிளம்புவார். அவர் பிரேக்கை விடுவிக்கும் நேரத்தில் சக்கரத்தடியிலிருந்து கல்லை உருவுவது என் பொறுப்பு. "உருவு இஞ்சினீயரே" என்பார். உருவுவேன். ஜீப் உருண்டு, தெருக்கோடியில் உலுக்கி, கரும்புகை கக்கிக் கிளம்பும். துடுப்பால் கதவில் இரண்டு தட்டு. அது எனக்கு.

இனி சொல்ல வேண்டியதை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சந்தை நாளில் சென்னையிலிருந்து என் சம்பந்தி புதுக் காரில் வந்தார். வாசலில் நயினாரின் ஜீப். நயினார் எழுந்துபோய், "உங்க வண்டிக்குதான் உயிரு இருக்குதே, எங்க வேணா நிக்கும். கீழ வுட்டுட்டு வாங்க" என்றார். சம்பந்தி காரைக் கீழே விட்டு, வெயிலில் மேடேறி, வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தார். உட்கார்ந்ததும், இவர் யார் என்று கண்ணால் கேட்டார்.

"தெரிஞ்சவரு. வண்டி நிறுத்த வருவாரு" என்றேன்.

நயினார் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். முகம் மாறவில்லை. மோர் வேண்டாம் என்று மட்டும் என் மனைவியிடம் சொன்னார்.

அடுத்த சந்தை நாளும் வந்தார். எப்போதும்போலச் சாப்பிட்டார், பேசினார், தூங்கினார். அதோடு நான் விட்டிருக்கலாம். ஆனால் என் வாய் சொன்னது என் மனசைக் குத்திக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக, பொறியாளனுக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். வண்டியைப் பழுதுபார்த்துவிடுவது. அதில் இன்னொரு எண்ணமும் கலந்திருந்தது என்பதை இந்த வயதில் மறைக்க வேண்டாம். வாசல் காலியாகும் என்றும் நினைத்தேன்.

அவர் தூங்குகிற நேரம் பார்த்து எலெக்ட்ரீசியனை வரவழைத்தேன். ஒரு பேட்டரியும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். எந்த டைனமோ பொருந்தும் என்று பார்க்க வண்டிக்குள் துழாவிய எலெக்ட்ரீசியன், பின்சீட்டுக்கு அடியில் சாக்குகளுக்கு நடுவிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்தார்.

"சார், இந்த வண்டி டைனமோவேதான். புதுசு. ஒட்டுன டேப்புகூட பிரிக்கல. இத்த வச்சிக்கினு இவரு இன்னாத்துக்கு இப்படி பேஜார் பட்டுக்கினு கெடக்குறாரு?"

சோம்பேறித்தனம் என்று சொல்லிச் சிரித்தேன். அவர் பெட்டியைப் பிரித்தார். பெல்ட்டைத் தளர்த்திப் பழையதை இறக்கினார். எண்ணெய்ப் பிசுக்கில் ஊறிய ஒரு கறுப்பு உருண்டை. புதியதை மாட்டி, கம்பியால் நெம்பிப் பெல்ட்டை இழுத்துப் பிடித்து, போல்ட்டை முடுக்கினார். பேட்டரியையும் வைத்தார். சக்கரத்தடிக் கல்லை எடுத்துச் சுவரோரம் போட்டார்.

மஞ்சள் வெயிலில் நயினார் வந்து ஜீப்பில் ஏறினார். நான் வழக்கம்போலக் குனிந்தேன். கல் இல்லை. எலெக்ட்ரீசியன் பல்லெல்லாம் தெரிய, "சாவியத் திருப்புங்க" என்றார்.

திருப்பினார். ஜீப் நின்ற இடத்திலேயே கிளம்பியது. நயினார் அணைத்தார். மறுபடி திருப்பினார். மறுபடி கிளம்பியது. பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். பிரித்த பெட்டி அங்கே கிடந்தது.

"ரொம்ப உபகாரம் சார்" என்றார். அதுவரை அவர் என்னை சார் என்று அழைத்ததில்லை. "வண்டி நிறுத்தத்தான வந்துக்கினு இருந்தேன். இனிமே தொந்தரவு இல்ல."

துடுப்பை எடுக்கவில்லை. ஹாரனை ஒரு தடவை அழுத்தினார். நல்ல ஹாரன். தெரு முழுக்கக் கேட்டது.

பிறகு அவர் வரவில்லை. சந்தைக்கு வருகிறார், சந்தை வாசலிலேயே நிறுத்துகிறார் என்று கேள்விப்பட்டேன். மனது பொறுக்காமல் ஒரு நாள் அவர் ஊருக்குப் போனேன். வாசலில் மேடு இல்லை. கரைத்துச் சமமாக்கி மல்லாட்டை காயவைத்திருந்தார்கள். "வாங்க சார், உக்காருங்க சார்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பொழுது சாய்வதற்குள் இலை போட்டு உபசரித்தார். ஒரு குறையும் இல்லை. அவர் கை கழுவப் போன நேரத்தில் அவருடைய மனைவி என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"அந்தப் பெட்டிய வாங்கி எத்தினியோ வருசம் ஆவுதுங்க. மாட்டுங்க, மாட்டுங்கன்னு நானும் சொல்லிக்கினே இருந்தேன். மாட்டிக்கினா இஞ்சினீயரு வூட்டாண்ட எதுக்கு நிறுத்துறதுன்னு கேப்பாருங்க."

நயினார் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். இந்த வருஷம் மழை எப்படி என்று கேட்டேன். பரவாயில்லை சார் என்றார்.

என் மனைவி இன்றைக்கும் சந்தை நாளில் சாம்பாருக்கு வெங்காயம் உரிப்பதில்லை. நான் ஏன் என்று கேட்பதில்லை.

போன மாதம் எங்கள் தெருவுக்குச் சிமெண்டு ரோடு போட ஆள் வந்தது. சுவரோரம் கிடந்த கருங்கல்லை அப்புறப்படுத்திவிட்டு, என் வாசலைச் சமமாக்கித் தருவதாகக் காண்ட்ராக்டர் சொன்னார். வயசான காலத்தில் ஏறி இறங்கக் கஷ்டம் இருக்காதாம். ஊரிலுள்ள மேடு பள்ளங்களையெல்லாம் சமமாக்கியே சம்பளம் வாங்கியவன், அவர் முன்னால் போய் நின்றுகொண்டேன். மேடும் இருக்கட்டும், கல்லும் இருக்கட்டும் என்றேன்.

"எதுக்கு சார்?"

"ஒருத்தரு வண்டி நிறுத்த வருவாரு."

"யாரு?"

"என் சிநேகிதரு" என்றேன்.

அவர் காலித் தெருவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கல்லை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போனார். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. எப்பேர்ப்பட்ட டைனமோவும் என்றைக்காவது ஒரு நாள் போகத்தானே வேண்டும்.