துணைக்கு விட்ட பூச்சி

எனக்குப் போன் பண்ணி ஒருத்தரைக் கூப்பிட வராது. வருகிற போனை எடுப்பேன், 'ம்' சொல்வேன், வைத்துவிடுவேன். நானாக நம்பரை அழுத்தி, மணி அடிக்கிறவரை காத்திருந்து, 'நான்தான் பேசறேன்' என்று சொல்வதற்குள் கட் பண்ணிவிடுவேன். (பெற்ற பிள்ளைக்கே மிஸ்டு கால்தான்.) இந்தக் கூச்சத்தினால் எங்கள் ஊர் நூம்பலில் ஒரு ஜீவனுக்குப் பெயர் இல்லாமல் போய்விட்டது. கூச்சம் மட்டும்தான் காரணமா என்று கேட்டால், அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது மூன்று பக்கமும் அடுக்குமாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஓட்டு வீடு. என் வீட்டுக்காரர் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினார். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. மகன் சேகர் ஓசூரில் இருக்கிறான். மாடிகளில் இருப்பவர்கள் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறவர்கள், நல்லவர்கள்தான். அவர்கள் துணி பறந்து வந்து என் ஓட்டில் விழுந்தால், 'கீழ் வீட்டம்மா' என்று கூப்பிடுவார்கள். எடுத்துக் கொடுப்பேன், சிரிப்பார்கள். துணி விழாத நாளில் பேச்சு இல்லை.

அப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை, வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு காலேஜிலிருந்து ஏரியைச் சுற்றிப் பார்க்கப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். கூட வந்த டீச்சர் வனிதா என்கிற பெண், தென்காசிக்காரி. என் வாசலில் நின்று, பாத்ரூம் போகலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். பின்பக்கம் கையைக் காட்டினேன்.

போனவள் அரை மணி நேரமாகியும் வரவில்லை. கதவைத் தட்டவும் கூச்சம். பாவம், கண்ட இடத்தில் சாப்பிட்டு வயிறு கெட்டுவிட்டது போல என்று வெந்தயத்தை மோரில் போட்டுக் கலக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கதவு திறந்தது. முகமெல்லாம் சிரிப்பு, கையில் ஒரு சின்னக் குப்பி, அதற்குள் ஒரு எட்டுக்கால் பூச்சி.

"அம்மா, இத மாதிரி நான் எங்கயும் பாத்ததில்ல. புதுசா இருக்கும்னு தோணுது."

எனக்கு மானம் போய்விட்டது. ஒட்டடை அடிக்கவில்லை என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொல்கிறாளே என்று நினைத்தேன். மோரைக் கொடுத்தேன். எதற்கு என்று தெரியாமலே குடித்தாள்.

பிறகுதான் விளங்கியது. உலகத்தில் இன்னும் யாரும் பெயர் வைக்காத பூச்சி, செடியெல்லாம் எவ்வளவோ உண்டாம். என் கக்கூஸ் கதவுக்குப் பின்னால் முதுகில் மூன்று வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே, அதுவும் அதில் ஒன்றாக இருக்கலாமாம். அது தனி ஜாதியா, ஏற்கெனவே பெயர் வைத்த ஜாதியா என்று பார்க்க வேண்டும் என்றாள்.

"இங்க வர்றவங்க எங்களத்தான் இன்னா ஜாதின்னு கேப்பாங்க. பூச்சியையும் உடலியா?" என்று கேட்டுவிட்டேன்.

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. அதற்கப்புறம் அவள் வாயில் 'இனம்' என்றுதான் வரும்.

பெயர் வைக்க ஒரு தடை இருந்தது. பிடித்த பூச்சி பெண். ஆண் வேண்டும். ஆண் பாதி அளவுதான் இருக்குமாம். முகத்துக்கு முன்னால் ரெண்டு குட்டிக் கை, அதன் நுனி கையுறை போட்ட மாதிரி குண்டாக இருக்குமாம். அந்தக் குண்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால்தான் இன்ன இனம் என்று அடித்துச் சொல்ல முடியும். ஆண் கிடைத்தால் நூம்பல் பெயரையே வைக்கிறேன் என்றாள்.

"இந்த ஊட்ல ஆம்பள தங்கறதில்ல கண்ணு" என்றேன். அவள் சிரித்தாள். நான் சொன்னதற்கு ஒருத்தர் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் வந்தாள். கக்கூஸில் டார்ச் அடித்துத் தேடுவாள், கிடைக்காது, கூடத்தில் உட்கார்ந்து டீ குடிப்பாள். நான் வேர்க்கடலை வேகவைத்து வைப்பேன். அவள் தங்கியிருக்கிற ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றிச் சொல்லுவாள். பூச்சி பிடித்த இடத்தைச் சீட்டில் எழுத வேண்டுமாம், கக்கூஸ் என்று மட்டும் எழுதாதே என்று கெஞ்சினேன். 'நூம்பல், தனபாக்கியம் வீட்டுப் பின்கட்டு' என்று எழுதினாள். என் பெயரை அச்சடித்த மாதிரி எழுத்தில் பார்த்தது ரேஷன் கார்டுக்குப் பிறகு அதுதான். சனிக்கிழமைக்காகவே வீடு முழுக்க ஒட்டடை அடிப்பதை நிறுத்தினேன். ஒருநாள் வந்து பார்த்த சேகர், "ஊடு இன்னாம்மா பேய் பங்களா மாதிரி கீது?" என்று கேட்டுவிட்டுத் துடைப்பத்தை எடுத்தான். பிடுங்கி வைத்தேன்.

ஆறாவது வாரம், வியாழக்கிழமை காலை, குழாய்க்கு மேலே அது நின்றது. சின்னது. முன்னால் ரெண்டு குண்டுக் கை. என் பிள்ளையைப் பள்ளிக்கூடக் கும்பலில் கண்டுபிடிக்கிற மாதிரி சட்டென்று தெரிந்துவிட்டது. காபித்தூள் பாட்டிலைக் கழுவித் துடைத்து, அதில் பிடித்துவிட்டேன்.

அப்போதே போன் பண்ணியிருக்க வேண்டும். போனைக் கையில் எடுத்தேன். கூச்சம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஆண் கிடைத்துவிட்டால் அவளுக்கு இங்கே என்ன வேலை? சனிக்கிழமையும் வியாழக்கிழமை மாதிரி ஆகிவிடும். போனை வைத்தேன். சனிக்கிழமை வரட்டும், ஒரு டீயாவது குடித்த பிறகு காட்டலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். மூடியில் ஊசியால் ஓட்டை போட்டு, பாட்டிலை டி.வி. மேல் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க அது கண்ணாடியில் ஏறும், சறுக்கும், மறுபடி ஏறும். ஏறி நின்று அந்தக் குட்டிக் கையை ஆட்டும். நான் சாப்பிடும்போது என்னையே பார்த்தது. (எட்டுக் கண்ணாம், வனிதா சொன்னாள். எட்டாலும் பார்த்தது.) பாவமாகிவிட்டது. இத்தனூண்டு ஜீவன், பேச ஆளில்லாமல், ஒரு பாட்டிலுக்குள் எப்படிப் பொழுதைப் போக்கும்? சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுப் பின்பக்கம் போய், கொழுத்ததாக ஒரு பெண் பூச்சியைப் பிடித்து வந்து உள்ளே விட்டேன். துணைக்கு. ஊரில் ஒரு கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தியவளில்லை நான். அன்றைக்கு அந்தத் திருப்தியோடு படுத்தேன்.

காலையில் பெண் மட்டும் இருந்தது. நேற்றைவிடக் கொழுத்திருந்தது. பாட்டிலின் அடியில் மென்று துப்பிய பாக்கு மாதிரி ஏதோ கிடந்தது.

வனிதா வந்தபோது டீயைக் கொடுத்தேன். பாட்டிலை முந்தானையில் மறைக்கலாமென்று எழுந்தேன். அதற்குள் பார்த்துவிட்டாள்.

"ஏதும்மா இது? ஆண் ஏதும் கெடச்சுதா?"

"கெட்ச்சுது கண்ணு."

"எங்க?"

"உள்ளதான் கீது."

பாட்டிலைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உள்ள ஒண்ணுதானம்மா இருக்கு?"

"அதுக்கு உள்ள."

டீயை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடியில் கிடந்ததை ஊசி முனையால் எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். குண்டுக் கை ரெண்டும் கூழாகிவிட்டிருந்தது. பெண் ஆணைத் தின்பது இந்தப் பூச்சிகளிடம் உள்ளதுதான், தனித்தனியாகத்தான் வைக்க வேண்டும், உங்களிடம் நான் சொல்லவே இல்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அது இன்னும் வலித்தது. பிறகு, எப்போது பிடித்தீர்கள் என்று கேட்டாள்.

"வியாழக்கெழம."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா."

பொய் சொல்லியிருக்கலாம். போனில் சார்ஜ் இல்லை என்றால் நம்பியிருப்பாள். ஆனால் வாய் வேறு சொல்லிவிட்டது.

"பண்ணா நீ வந்து எட்துகினு பூடுவ. அப்பறம் வரமாட்ட."

அவள் ஆடை படிந்து ஆறிப்போன டீயை எடுத்து, ஆடையோடு குடித்து முடித்தாள். போகும்போது, அடுத்த மழைக்குத்தான் இனி ஆண் வெளியே வரும் என்றாள். அதுவரை என்ன செய்வாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை டீ போடலாமா வேண்டாமா என்று அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம், வனிதா. டார்ச் கொண்டு வரவில்லை. வேர்க்கடலை இருக்கிறதா என்றாள்.

ரெண்டு மழை போய்விட்டது. ஆண் இன்னும் கிடைக்கவில்லை. நூம்பல் பெயர் காத்துக்கொண்டிருக்கிறது. அவள் வேறு காலேஜுக்கு மாறிவிட்டாள், மாதத்துக்கு ஒருமுறை வருகிறாள். நான் தினமும் தேடுகிறேன், சத்தியமாகத் தேடுகிறேன். ரெண்டு பாட்டில் தனித்தனியாகக் கழுவி வைத்திருக்கிறேன். அவள் நம்பரைப் பெரிய எழுத்தில் சுவரில் எழுதியிருக்கிறேன்.

சேகர் இந்தக் கதையை ஓசூர் முழுக்கச் சொல்லிவிட்டான். போன பொங்கலுக்குக் குடும்பத்தோடு வந்திருந்தபோது, நான் தனியாக முன்னறையில் படுப்பதைப் பார்த்த மருமகள், "அத்தே, துணைக்கு வந்து படுத்துக்கட்டா?" என்று கேட்டாள். உள்ளேயிருந்து சேகர் குரல் வந்தது:

"உஷாரு. இந்த ஊட்ல தொணைக்குப் போனா காலைல ஒர்த்தர்தான் மிஞ்சுவாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். மருமகள் பாயைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் விரித்தாள். காலையில் ரெண்டு பேருமே இருந்தோம்.