மேஸ்திரியின் ஈரல்

முட்டை இன்னும் சூடாக இருந்தது. அதை வெள்ளைக் கோட்டின் பைக்குள் போட்டுக்கொண்டு ஆய்வு மாணவி நிமிர்ந்தபோது, கோழிக் கொட்டகையின் வாசலில் பேராசிரியர் நின்றுகொண்டிருந்தார்.

“பையில என்னம்மா?”

“கைக்குட்டை சார். ஜலதோஷம்.”

“உடம்பைப் பார்த்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு அவர் கூண்டு வரிசையைப் பார்க்கப் போய்விட்டார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மாணவி என்றால் சின்னப் பெண் என்று நினைத்துவிடக் கூடாது. காதோரம் நரைத்துவிட்டது. பள்ளிக்கூடம் போகிற பெண் இருக்கிறாள். ஆய்வில் சேர்ந்தபோது அந்தக் குழந்தை வயிற்றில் இருந்தது. இப்போது அதுவே, “அம்மா, நீ எப்போ பாஸ் ஆவே?” என்று கேட்கிறது.

அவளுடைய ஆய்வெல்லாம் கோழியின் ஈரலைப் பற்றித்தான். கோழி முட்டையிடத் தொடங்கியதும், மஞ்சள் கருவுக்கு வேண்டிய கொழுப்பைத் தயார் செய்யச் சொல்லி ஈரலுக்கு உத்தரவு போகிறது. ஈரலுக்குள் சில மரபணுக்கள் கண்விழித்து வேலையை ஆரம்பிக்கின்றன. வேறு சில, ‘போதும், நிறுத்து’ என்று சொல்ல வேண்டியவை. அவை சொல்லாமல் விட்டால் கொழுப்பு ஈரலிலேயே தங்கிவிடும்; கோழி ஒருநாள் பொத்தென்று விழுந்து செத்துப்போகும். உத்தரவு போடுவது எது, நிறுத்தச் சொல்வது எது என்று கண்டுபிடிப்பதற்குள், நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் இவளுடைய ஆய்வும் வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது.

முடியப்போகிற நேரம் இது. வெள்ளிக்கிழமை கடைசித் தொகுதிக் கோழிகளை ஊசி போட்டுக் கொன்று ஈரலை எடுத்துவிட்டால், அப்புறம் ஒரு மாத வேலைதான். கணவனுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தது. இவளுக்காகவே அவன் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டு, மேலதிகாரியிடம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும், மேஸ்திரி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்.

ஆய்வுப் பிராணிகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது பேராசிரியரின் கண்டிப்பான சட்டம். ஆனால் எடை பார்க்கத் திறந்துவிட்டால் மற்ற கோழிகள் மூலைக்கு மூலை பறக்கும்போது, இது ஒன்று மட்டும் அவள் பின்னாலேயே நடந்து வந்து, தீவனத் தொட்டியை எட்டிப் பார்த்து, தண்ணீர்க் குழாயைச் சோதித்து, அவள் செய்கிற வேலை திருப்தியில்லை என்பதுபோலத் தலையைச் சாய்க்கும். அதை மேஸ்திரி என்று இல்லாமல் வேறு எப்படிக் கூப்பிடுவது? எல்லாம் முடிந்ததும் அவள் மடியில் ஏறி, கோட்டின் கைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு கண்ணை மூடும். அந்தத் தலையைப் பிடித்து ஊசி போட அவளால் ஆகாது.

முட்டையிடுவதை நிறுத்திவிட்ட கோழி ஆய்வுக்கு ஆகாது. பொதுப் பண்ணைக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் கொஞ்ச நாளாக மேஸ்திரியின் முட்டை யார் கண்ணிலும் படாமல் அவள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

“இந்தக் கோழி முட்டையிடறதில்லையா?” பேராசிரியர் மேஸ்திரியின் கூண்டு முன்னால் நின்றார்.

“ஒரு வாரமா இல்ல சார். பண்ணைக்கு அனுப்பிடலாம்” என்றாள் அவள், கொஞ்சம் அவசரமாகவே.

“அனுப்பலாம். எதுக்கும் ரத்தத்தைப் பார்த்துடுவோம்.”

அதை அவள் யோசிக்கவே இல்லை. முட்டையிடும் கோழியின் ரத்தத்தில் கொழுப்பு மிதக்கும்; சுழற்றி எடுத்தால் மேலே தெளியும் நீர் பால் மாதிரி வெளுத்திருக்கும். முட்டையிடாத கோழிக்கு அப்படி இருக்காது. சாயங்காலம் பேராசிரியர் குழாயைத் தூக்கிக் காட்டினார். உள்ளே பால்.

“ஈரல் முழுமூச்சா வேலை செய்யுது. முட்டை மட்டும் வரல. அதிசயமா இருக்கே! இதை இன்னும் ஒரு வருஷம் வச்சுப் பார்க்கணும்.”

“ஒரு வருஷமா சார்?”

“குறைஞ்சது.”

அவள் வீடு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். கணவன் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தான்.

“என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?”

முட்டையை ஒளித்ததையும், அதனால் தன் ஆய்வு இன்னும் ஒரு வருஷம் நீளப்போவதையும் அவள் சொன்னாள். அவன் கரண்டியைக் கீழே வைத்தான். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

“ஒரு கோழி முக்கியமா, நாம மூணு பேரும் முக்கியமா? நீயே சொல்லு.”

அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள். பதில் தெரிந்ததுதான், அதுதான் கஷ்டமாக இருந்தது. நாளை மேஸ்திரி போடும் முட்டை போட்ட இடத்திலேயே இருக்கட்டும், அதிசயம் தீர்ந்துவிடும், வெள்ளிக்கிழமை வருவது வரட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டாள்.

மறுநாள் பார்த்து மேஸ்திரி முட்டையிடவில்லை. கோழிகள் இடையில் ஒருநாள் ஓய்வெடுப்பது வழக்கம்தான். ஆனால் இத்தனை நாள் விடாமல் போட்டுவிட்டு, போட வேண்டிய நாளில் ஓய்வெடுத்தால் என்ன செய்வது? நல்லவேளையாக அவளுக்கு அப்படி ஒரு சந்தேகம் காலையிலேயே இருந்தது. வீட்டுக் குளிர்பெட்டியில் இருந்த நேற்றைய முட்டையை எடுத்து வந்திருந்தாள். அதை மேஸ்திரியின் கூண்டுத் தட்டில் உருட்டிவிட்டு, “மன்னிச்சுக்கோ” என்று முணுமுணுத்தாள். மேஸ்திரி அந்த முட்டையைச் சந்தேகமாகப் பார்த்தது.

“சார்! முட்டை போட்டிருக்கு!”

பேராசிரியர் வந்தார். அவர் முகம் ஏனோ மலரவில்லை. மஞ்சள் கருவின் எடையைப் பார்க்க வேண்டும் என்று முட்டையை மேஜைக்கு எடுத்துப் போய், கிண்ணத்தின் விளிம்பில் தட்டினார். ஓடு விரிசல் விட்டது. எதுவும் ஒழுகவில்லை. இன்னொரு முறை தட்டினார். பிறகு பொறுமையாக உரித்தார்.

வெள்ளை வெளேரென்று, வழவழவென்று, அவித்த முட்டை.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. குழந்தையின் மதியச் சாப்பாட்டுக்காகக் கணவன் அதை ராத்திரியே வேகவைத்து, பொறுப்பாகத் திரும்பவும் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறான்!

பேராசிரியர் முட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மேஸ்திரியைப் பார்த்தார். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“ஈரல் சூடு” என்றார்.

“சார்?”

“கொழுப்பு இவ்வளவு வேகமா உருவானா உள்ள சூடு ஏறாதா? விட்டுடக் கூடாதும்மா இந்தக் கோழிய.”

ஊரெல்லாம் மதிக்கிற ஈரல் நிபுணர் இப்படிப் பேசுவதைக் கேட்டு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பாவம், இவருக்கும் வேலை செய்து செய்து மூளை குழம்பிவிட்டது என்று நினைத்தாள். இனி மறைத்துப் பயனில்லை.

“சார், அது எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல...”

“உங்க வீட்டு ஃப்ரிட்ஜைப் பத்தி எனக்கு எதுக்கும்மா?”

“இல்ல சார், முட்டைய நான்தான்...”

“ஜலதோஷம்னு சொன்னீங்களே, வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க. நான் இயக்குநர்கிட்ட பேசிக்கறேன்.”

வெள்ளிக்கிழமை மற்ற கோழிகளின் ஈரல்களை எடுத்தார்கள். அவள் முகமூடிக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு வேலையை முடித்தாள். மேஸ்திரியைத் தொடக் கூடாது, இன்னும் ஒரு வருஷம் வைத்திருக்க இயக்குநரே அனுமதி கொடுத்துவிட்டார் என்று பேராசிரியர் அறிவித்தார். சொல்லிவிட்டு அதை ஒரு சின்னக் கூண்டில் அடைத்துத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். கோழி பிழைத்தது, தான் செத்தோம் என்று தோன்றியது. அதற்காகச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று கூடப் புரியாத அளவுக்குக் களைப்பு. கணவனுக்கு என்ன சொல்வது? அந்த ஊர் வேலை இனி யாருக்கோ.

பேராசிரியரின் டிரைவர் காரின் பின்சீட்டில் பழைய செய்தித்தாளை விரித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

“என்ன மேடம், இப்படி இடிஞ்சு போய் உட்கார்ந்திருக்கீங்க? அடுத்த மாசம் முடிச்சிட்டுக் கிளம்பறீங்களாமே, சார் சொன்னாரு.”

“எங்க முடிக்கறது? அந்தக் கோழியால இன்னும் ஒரு வருஷம் இங்கதான்.”

டிரைவர் செய்தித்தாளை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“உங்களுக்கு எதுக்கு மேடம் ஒரு வருஷம்? அது கோழிக்கு வாங்கினது. அதுக்கு ஊசி போட மனசு வரலன்னு ஒரு மாசமா கார்ல புலம்பினவரு, இந்த வாரம் பூரா, ‘அந்தப் பொண்ணு முட்டைய ஒளிக்கறத இன்னும் எத்தனை நாள்தான்யா பார்க்காத மாதிரியே நடிக்கறது’ன்னு கேட்டு என் உசுர எடுத்துட்டாரு!”