இடது மட்கார்டுப் பள்ளம்

"அந்தப் பள்ளத்தைத் தொடக் கூடாதுன்னுதானே மேஸ்திரி, சுத்தி வட்டம் போட்டேன்!"

சீரியலின் ஆர்ட் டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். டிங்கர் மேஸ்திரியின் கையில் சுத்தியல் இருந்தது. இருவருக்கும் நடுவே, அந்தப் பழைய கருநீலக் காரின் இடது மட்கார்டு, அப்போதுதான் சவரம் செய்த கன்னம் மாதிரி வழுவழுவென்று இருந்தது.

"வட்டம் போட்டா நிமித்தணும்னு அர்த்தம் சார்" என்றார் மேஸ்திரி. "இருபத்தெட்டு வருஷமா இந்த ஒர்க்‌ஷாப்புல அதுதான் அர்த்தம். நெளிசல் எங்க இருக்கோ அங்க சாக்பீஸால ஒரு வட்டம். வட்டத்தைப் பார்த்தா நான் அடிப்பேன்."

"எங்க ஆபீஸ்ல வட்டம் போட்டா கை வைக்காதேன்னு அர்த்தம்!"

ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கதையாம் அந்த சீரியல். அதில் வரும் டாக்டருக்கு ஒரு கார் வேண்டும். கூரை மேல் சாமான் கேரியர், பழைய காலத்து நம்பர் பலகை, முன்பக்கம் பெரிய உருண்டை விளக்கு, நடுவில் எவனோ பொருத்திய பாட்டுப் பெட்டியைப் பிடுங்கிவிட்டு அங்கே மரப்பலகை. இதெல்லாம் மேஸ்திரி இரண்டே நாளில் முடித்துவிட்டார். வேலை முடிந்த திருப்தியில் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தபோதுதான் வட்டம் கண்ணில் பட்டது. ஏற்கெனவே யாரோ சுத்தியல் பிடித்த தடம் அந்தத் தகட்டில் லேசாகத் தெரிந்தது. "எவனோ அரைகுறை கை வச்சிருக்கான் மச்சான்" என்று பெயிண்டரிடம் சிரித்துக்கொண்டே நிமிர்த்தினார். கால் மணி நேர வேலை.

"அந்தப் பள்ளம் யாருதுன்னு தெரியுமா மேஸ்திரி?"

"பள்ளத்துல என்ன சார் அவருது இவருது?"

"வண்டிக்காரம்மாவோட வீட்டுக்காரருது. அந்தம்மா ஆபீஸ் விட்டு வர்ற வரைக்கும் வாசல்ல வண்டியை நிறுத்திட்டு, அந்த மட்கார்டு மேலதான் உக்காந்திருப்பாராம். முப்பது வருஷம். உக்காந்து உக்காந்து விழுந்த பள்ளம். அவர் போய் ஒம்பது வருஷமாச்சு. வண்டியைக் கொடுக்கும்போது அந்தம்மா சொன்னது ஒண்ணே ஒண்ணு. விளக்கை மாத்துங்க, கூரையை வேணும்னாலும் அறுத்துக்கோங்க, அந்தப் பள்ளத்தை மட்டும் விட்டுடுங்கன்னாங்க. நாளன்னைக்குக் காலையில பார்க்க வர்றாங்க."

மேஸ்திரி சுத்தியலைக் கீழே வைத்தார். இத்தனை வருஷத்தில் அது அவ்வளவு கனத்ததே இல்லை.

"டிரைவர் பார்த்தாரா?" என்று ஆர்ட் டைரக்டர் கிசுகிசுத்தார்.

வண்டியோடு வந்திருந்த அம்மாவின் டிரைவர், மூலையில் கழற்றிப் போட்டிருந்த பின்சீட்டில் மல்லாந்து கிடந்தார். முகத்தின் மேல் பேப்பர். மூச்சுக்கு ஒரு தடவை பேப்பர் எழுந்து விழுந்தது.

"கும்பகர்ணன் சார். இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டார்" என்றான் பெயிண்டர். அவன் மேஸ்திரி மனைவியின் தம்பி. சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்றாலும் உடம்பில் ஒட்டாத ஜாதி.

மேஸ்திரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "மச்சான், மட்கார்டு மேல ஏறி உக்காரு."

"எவ்வளவு நேரம் மாமா?"

"அவர் முப்பது வருஷம் உக்காந்தாரு. நீ சாப்பாட்டு நேரம் வரைக்கும் உக்காரு, போதும்."

ஒரு மணி நேரம் உட்கார்ந்தான். அந்தக் காலத்துத் தகடு, ஈ உட்கார்ந்ததாகக்கூட மதிக்கவில்லை. இறங்கும்போது மட்டும் அவன் பின்பாக்கெட் பித்தான் ஒரு முழத்துக்குக் கோடு கிழித்துவிட்டு வந்தது.

"சார், தப்பா நினைக்காதீங்க" என்று மேஸ்திரி ஆர்ட் டைரக்டரின் வயிற்றைப் பார்த்தார். "நீங்க ஒரு தடவை..."

ஆர்ட் டைரக்டர் முதலில் முறைத்தார். பிறகு பெருமூச்சு விட்டு ஏறினார். தகடு அசையவில்லை. அவர் பிடிமானத்துக்குப் பிடித்த உருண்டை விளக்குதான் 'கடக்' என்று திரும்பிக்கொண்டது. ஒரு விளக்கு சாலையையும் இன்னொன்று வானத்தையும் பார்த்தது.

"வண்டிக்கு மாறுகண் வந்துடுச்சு மாமா" என்றான் பெயிண்டர்.

"வாயை மூடு."

அன்று ராத்திரி வீட்டில் தட்டில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார் மேஸ்திரி.

"என்னங்க, சாப்பாட்டையும் நிமித்தப் போறீங்களா?" என்றாள் மனைவி.

விஷயத்தைச் சொன்னார். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. சமையலறைக் கதவு நிலையைத் திரும்பிப் பார்த்தாள். அவரும் பார்த்தார். பார்த்திருக்க வேண்டாம்.

மகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவளை அந்த நிலையில் சாய்த்து நிறுத்தி, தலைக்கு மேல் பென்சிலால் கோடு போடுவாள் மனைவி. மகள் கல்யாணத்துக்கு வீடு பளிச்சென்று இருக்கட்டும் என்று மேஸ்திரி தானே பெயிண்ட் வாங்கி, நிலை முழுக்க இரண்டு கோட் அடித்துவிட்டார். மகள் புருஷன் வீட்டுக்குப் போனாள். இவள் ஒரு மாசம் அவரோடு பேசவில்லை.

"அழிச்சதுதான் அழிச்சேன், திருப்பிப் போட்டேனே" என்றார் ஈனஸ்வரத்தில்.

"போட்டீங்க. நீங்க போட்ட கணக்குப்படி நம்ம பொண்ணு ஏழு வயசுலயே உங்க தோள் உயரம். எட்டு வயசுல அதைவிடக் குட்டை."

மேஸ்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அந்தம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க."

"தாங்குவாங்களா?"

"நான் தாங்கலையா?" என்று தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் மேஸ்திரி மரச்சுத்தியும் மணல் மூட்டையுமாக இறங்கினார். வாழ்நாளெல்லாம் நெளிசலை எடுத்த கைக்கு, நெளிசல் வைக்கத் தெரியவில்லை. ஆர்ட் டைரக்டரின் செல்போனில் வண்டி வந்த அன்று எடுத்த போட்டோ இருந்தது. அதைப் பார்த்து முதலில் அடித்தது நாய்க்குத் தண்ணீர் வைக்கலாம் போல ஆழமாகிவிட்டது. நிமிர்த்தினார். இரண்டாவது பள்ளம் இடம் மாறிப்போனது. அதையும் நிமிர்த்தினார். அடித்து அடித்துத் தகடு தளர்ந்துபோய், மூன்றாவது தடவை டப்பா மூடி மாதிரி ஆகிவிட்டது. அழுத்தினால் 'டொக்' என்று உள்ளே போகும். விட்டால் 'டொக்' என்று வெளியே வரும்.

"நல்லாத்தான் இருக்கு மாமா. அம்மா கை வச்சா பள்ளம், எடுத்தா மேடு" என்றான் பெயிண்டர்.

"உன் அக்கா முகத்துக்காக விடுறேன்டா."

கேஸ் தீயைக் காட்டி, ஈரத்துணியை ஒற்றித் தகட்டை இறுக்கினார். தகடு நின்றது. பெயிண்ட் தீய்ந்து கருகியது. பெயிண்டர் புதுசாக நீலம் அடித்தான். நீலம் பத்தூருக்குக் கேட்கிற மாதிரி கத்தியது. அதைச் சாம்பலாலும் தூசியாலும் தேய்த்துத் தேய்த்து அடக்கினான். அவன் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. கேலி பேசுவதை அவன் எப்போது நிறுத்தினான் என்று யாரும் கவனிக்கவில்லை.

மேஸ்திரி கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு பள்ளத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஒரு மனுஷன் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த இடம். அதை எச்சில் துப்பித் துடைக்கிற மாதிரி கால் மணி நேரத்தில் துடைத்துவிட்டோமே என்று கையை இழுத்துக்கொண்டார். போட்டோவுக்கும் இதற்கும் இம்மி வித்தியாசம் இல்லை. ஆனாலும் இது பொய்.

டிரைவர் அப்போதும் பேப்பருக்கு அடியில் கிடந்தார்.

மூன்றாம் நாள் காலை அம்மா வந்தார். பருத்திச் சேலை, வெள்ளைத் தலை. புது கேரியரைப் பார்க்கவில்லை, விளக்கைப் பார்க்கவில்லை. நேராக இடது மட்கார்டுக்குப் போய்ப் பள்ளத்தில் கையை வைத்தார். ஆர்ட் டைரக்டர் மூச்சை இழுத்தவர் விடவே இல்லை.

அம்மா உள்ளங்கையால் பள்ளத்தை ஒரு சுற்று தடவினார்.

"என்னமோ தெரியல" என்றார் மெதுவாக. "நடுவுல கொஞ்ச வருஷமா கை வச்சா ஒட்டாத மாதிரியே இருந்துச்சு. வயசாச்சு, கை மரத்துப் போச்சுன்னு நினைச்சேன். இன்னைக்கு அவர் இருந்தப்போ இருந்த மாதிரியே இருக்கு."

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார்.

"வேற யாரா இருந்தாலும் நிமித்தித் தொலைச்சிருப்பாங்க. உங்களுக்கு நல்ல மனசு மேஸ்திரி."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. கதவு நிலையும் பென்சில் கோடுகளும் கண்முன் வந்தன. சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தார்.

"அம்மா... உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். அந்தப் பள்ளம்..."

"அம்மா, வெயில் ஏறுது, உள்ள உக்காருங்க. ஷூட்டிங்குக்கு நேரமாச்சு" என்று குறுக்கே வந்தார் டிரைவர். கதவைத் திறந்து அம்மாவை உட்கார வைத்தார். சாத்தினார். கண்ணாடி ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு முன்பக்கமாகச் சுற்றி வந்து, விளக்கைத் துடைக்கிற சாக்கில் மேஸ்திரியின் காதருகே குனிந்தார்.

"சொல்லித் தொலைச்சுடாதீங்க மேஸ்திரி. நீங்க போட்டோவைப் பார்த்துப் பார்த்து அடிச்சது ஐயாவோட பள்ளம் இல்ல, அஞ்சு வருஷத்துக்கு முன்னால வேற ஒரு ஒர்க்‌ஷாப்புல தெரியாம நிமித்திட்டாங்கன்னு பயந்துபோய் நான் சுத்தியலால அடிச்ச பள்ளம். என்னுதைவிட உங்களுது நல்லா வந்திருக்கு."