ஃபோல்டருக்குள் நிற்கும் விமானம்

பைக்குள் ஒரு பை, அதற்குள் இன்னொரு பை, கடைசிப் பைக்குள் ஒரு விமானம். இப்படிக் கட்டிவைத்தவன் யாராக இருந்தாலும், அவன் வீட்டில் பாத்திரம் கழுவுவது வேறு யாரோதான்.

இதை மனதுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டு அவள் மவுஸை இரண்டு தட்டுத் தட்டினாள். திரையில் ஒரு ஃபோல்டர் திறந்தது.

"என்ன வந்துச்சு?" பின்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த கணவர் கேட்டார்.

"ஃபோல்டர்."

"அதுக்குள்ள?"

"ஃபோல்டர். அதே பேரு."

"அதுக்குள்ள?"

"இருங்க. ஒவ்வொரு கதவா தட்டிட்டுத்தானே போகணும்."

கணவர் லிஃப்ட் பரிசோதகர். நாள் முழுக்க ஊரில் இருக்கிற லிஃப்டுகளில் ஏறி இறங்குவது வேலை. மேலே போவதும் கீழே வருவதும் மட்டுமே விதிக்கப்பட்ட மனிதருக்கு, பக்கவாட்டிலும் போக வேண்டும் என்று ஆசை வந்தது நியாயம்தான் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றை வாங்கினார். அதோடு வந்த விமானங்கள் போதவில்லை. இரட்டை விசிறி வைத்த சின்ன விமானம் ஒன்றை யாரோ ஒரு புண்ணியவான் செய்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தான். அதைத் தனியாக இறக்கி விளையாட்டுக்குள் சேர்க்க வேண்டும். ஆட்-ஆன் என்று பெயர்.

"நீதானே நாள் பூரா கம்ப்யூட்டர்ல இருக்கே. நீயே போட்டுக் குடு" என்றார்.

அவள் ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் அடிக்கிறவள். அவளுக்குத் தெரிந்த கம்ப்யூட்டர், கல்லீரல் இயல்பான அளவில் உள்ளது, சிறுநீரகம் இயல்பான அளவில் உள்ளது என்பதோடு முடிந்துபோகும். அதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. சமையலறையில் நிற்பவளுக்கு அடுப்பு செய்யவும் தெரிந்திருக்கும் என்று நினைப்பதைப் போல.

வருடம் முழுக்கச் சேர்த்துவைத்த லீவில் ஒரு வாரம் எடுத்திருந்தாள். அக்கா வீட்டுக்குப் போய்த் தூங்குவதாகத் திட்டம். வேறு ஒன்றும் இல்லை, தூங்குவதுதான். ஆட்-ஆன் லீவின் முதல் நாள் சாயங்காலமே குறுக்கே வந்தது.

உதவிக்கு ஒரு பக்கம் இருந்தது. விமானப் பைத்தியங்களின் குழு ஒன்று நடத்துவதாம். அதைத் திறந்துவைத்துவிட்டு, "நீ படிச்சுப் படிச்சு செய். எனக்கும் இதெல்லாம் ஒண்ணும் விளங்கல" என்று சொல்லிவிட்டு அவர் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவள் சத்தமாகப் படித்தாள். "ஜிப் ஃபைலை எக்ஸ்ட்ராக்ட் செய்து, பாத்தைச் சரிபார்த்து, கம்யூனிட்டி ஃபோல்டரில் போடவும். மிக எளிது."

"ம்."

"மிக எளிதாம். இதை எழுதினவன் பொண்டாட்டி எப்படித்தான் குடும்பம் நடத்துறாளோ."

"அவன் பாவம், நல்லதுக்குத்தான் எழுதியிருப்பான்" என்றார் கணவர்.

ஜிப்பை ஜிப்பாகவே அந்த ஃபோல்டரில் தூக்கிப் போட்டாள். விளையாட்டைத் திறந்தால் விமானம் இல்லை. மூட்டையைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டுச் சட்டையைத் தேடினால் எப்படி என்று அவளுக்கே உறைத்தது. பிரித்துப் போட்டாள். அப்போதும் இல்லை. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக இருப்பதால் விளையாட்டுக்கு விமானம் கண்ணில் படவில்லை என்று அரை மணி நேரம் கழித்துப் புரிந்தது. உள்ளே இருந்ததையெல்லாம் வாரி வெளியே கொட்டினாள்.

விமானம் வந்தது. வெள்ளை வெளேரென்று, ஜன்னல் இல்லாமல், சக்கரம் இல்லாமல், ஓடுபாதையில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டு உறுமியது.

"பிரசவ வார்டுக்குப் போற மாதிரி இருக்கு" என்றாள்.

அவர் சிரித்தார். அப்புறம்தான் அது நடந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எக்ஸ்ட்ராக்ட்னு படிச்சியே, அந்த வார்த்தையைப் பார்த்ததும் உனக்கு மொதல்ல என்ன தோணிச்சு?"

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் உனக்கு என்ன தோன்றுகிறது என்று அவர் கேட்டது ஒரே ஒரு முறை. ஜன்னல் திரை என்ன நிறம் என்பதைப் பற்றி. அவள் பதில் சொல்வதற்குள் கடைக்காரரிடம் பச்சை என்று சொல்லிவிட்டார்.

"பல் பிடுங்குறது" என்றாள் மெதுவாக.

"பயமா இருந்துச்சா?"

"பயம்னு இல்ல. எதையோ உடைச்சிடுவேனோன்னு."

அவர் தலையாட்டினார். போனை எடுத்து ஏதோ தட்டினார். குழுவில் யாரிடமோ உதவி கேட்கிறார் போல. அவள் எழுந்து போய்ச் சட்னிக்கு அரைக்கிற நேரத்தில், மிக்ஸி சத்தத்துக்கு நடுவே, தான் சிரித்துக்கொண்டிருப்பதைக் கவனித்தாள்.

மறுநாள் காலை அக்கா போன் செய்தாள்.

"பெட்டி கட்டிட்டியா?"

"நாளைக்கு வரேங்க்கா. அவருக்கு ஒரு பிளேன் போட்டுக் குடுக்கணும்."

"என்னது, பிளேனா? உங்க வீட்ல மிக்ஸி ரிப்பேரானாலே மூணு மாசம் ஆகும்."

"சக்கரம் மட்டும்தான் பாக்கி."

"லீவு போட்டுட்டு மெக்கானிக் வேலை பாக்குறியாடி" என்று அக்கா வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் கம்ப்யூட்டரைத் திறந்தால் முதல் நாள் வைத்தது எதுவும் வைத்த இடத்தில் இல்லை. விமானமே இல்லை.

"நீங்க எதாவது தொட்டீங்களா?"

"நானா? எனக்கு ஆன் பண்றதே தகராறு."

தான்தான் சேமிக்க மறந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். அவளுக்கு அப்படி நினைப்பதுதான் பழக்கம். வீட்டில் எது காணாமல் போனாலும் முதல் குற்றவாளியாகத் தன்னையே கூண்டில் ஏற்றிவிட்டுத்தான் மற்ற இடங்களில் தேடுவாள்.

உதவிப் பக்கத்தைத் திறந்தாள். 'மிக எளிது' என்பது 'எளிது' என்று மாறியிருந்தது. எக்ஸ்ட்ராக்ட் என்பதற்குப் பக்கத்தில், 'பயப்பட வேண்டாம், எதுவும் உடையாது' என்று ஒரு வரி புதிதாக இருந்தது. உலகத்தில் எங்கேயோ இன்னொரு பெண்பிள்ளையும் இதே இடத்தில் திருதிருவென்று முழித்திருக்கிறாள் என்று அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

மறுபடியும் முதலிலிருந்து எல்லாம் செய்தாள். சக்கரத்துக்கு ஒட்டுப்போட பேட்ச் என்று தனியாக ஒன்று இருந்தது. அதைப் போடும்போது, இருப்பதன் மேல் ஓவர்ரைட் செய்யலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது.

"அப்படின்னா என்னன்னு உனக்குத் தோணுது?" என்றார் அவர்.

"இருக்கிறதுக்கு மேலயே எழுதுறது. அடியில இருந்தது என்னாகும்?"

"போயிடும்."

"போகப் போறதை இவ்வளவு மரியாதையா கேக்குதே. மனுஷங்க கேக்கிறதில்ல."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். போனில் தட்டினார். அவள் சம்மதம் என்று அழுத்தினாள்.

சக்கரம் வந்துவிட்டது. விமான நிலையம் போய்விட்டது. நடுக்கடலில், புதுச் சக்கரங்களை நனைத்துக்கொண்டு விமானம் நின்றது. நிலையத்தைத் திரும்பக் கொண்டுவர இன்னொன்றை இறக்கினாள். நிலையம் வந்தது, கடல் போனது. விமானம் வெறும் சாம்பல் பள்ளத்துக்கு மேலே தொங்கியது. கடலைத் தேடிப் போய் எதையோ அழித்ததில் விளையாட்டே திறக்க மறுத்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து இறக்கவேண்டும் என்றது. விடிய விடிய இறங்கும் என்றது.

கண் எரிந்தது. கழுத்தில் ஸ்கேன் சென்டர் வலி, லீவிலும் தவறாமல் வேலைக்கு வந்திருந்தது. எழுந்து போய்ப் படுத்துவிடலாம். அக்கா வீட்டில் இந்நேரம் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். ஆனால் பின்னால் நாற்காலி காலியாக இல்லை. தொலைக்காட்சி ஓடவில்லை. அவள் வாயிலிருந்து வரப்போகும் அடுத்த வார்த்தைக்காக ஒருவர் காத்திருக்கிறார். இந்த விமானம் பறந்துவிட்டால் அவர் அதில் ஏறிப் போய்விடுவார், அவ்வளவுதான். அதனால் எல்லாம் கெட்டுப்போகும் ஒவ்வொரு முறையும் அவளுக்குள் ஏதோ ஒன்று கொஞ்சம் சந்தோஷப்பட்டது. இதை அவள் தனக்கே முழுதாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

அக்காவிடம் இன்னும் ஒரு நாள் என்றாள். அப்புறம் இன்னும் ஒரு நாள் என்றாள்.

"உங்க வீட்டுக்காரரு உன்னை மயக்கிட்டாரா, இல்ல நீ அவரையா?" என்றாள் அக்கா.

"ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருக்கோம்க்கா."

"எதைப் பத்தி?"

"ஃபோல்டரைப் பத்தி."

வாரக் கடைசி வந்தது. லீவின் கடைசிச் சாயங்காலம். திரையில் புதிதாக ஒரு செய்தி நின்றது. டிபெண்டன்சி காணவில்லை.

"இதுக்கு என்ன தோணுது?"

அவள் யோசித்தாள். இந்த வாரத்தில் யோசித்துப் பதில் சொல்லப் பழகியிருந்தாள். "ஒண்ணு இன்னொண்ணை நம்பி இருக்கு. நம்பின ஆள் வீட்ல இல்ல. வெளியில பூட்டு தொங்குது. இது வாசல்லயே நிக்குது."

போனில் தட்டிக்கொண்டிருந்த அவர் விரல் நின்றுவிட்டது. "ரொம்பச் சரியா சொன்னே" என்றார்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. திரையைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டாள். சொல்லிவிடலாமா? பூட்டு தொங்கியது எந்த வீட்டில், வாசலில் நின்றது யார், எத்தனை வருடம். இன்றைக்குச் சொன்னால் கேட்பார் போலிருந்தது.

"என்னங்க" என்று திரும்பினாள்.

வாசல் மணி அடித்தது.

ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருமுனை மருந்துக்கடைக்காரர் நின்றார். அவரும் அந்த விமானக் குழுவில் இருக்கிறவர்தான்.

"சார்கிட்ட பிளேன் ஓட்டக் காலால மிதிக்கிற பெடல் ஒண்ணு கேட்டிருந்தேன்" என்றார்.

"பரண்மேல இருக்கு, எடுத்துட்டு வரேன்" என்று கணவர் வழக்கத்துக்கு மாறான அவசரத்தோடு எழுந்தார். "நீ உள்ள போய்க் காபி போடேன்."

"பால் இல்லைங்க" என்றாள் அவள்.

"அப்போ தண்ணி குடு."

தண்ணீரை ஏற்கெனவே கொடுத்துவிட்டாள். கணவர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு தயங்கித் தயங்கி உள்ளறைக்குப் போனார். மருந்துக்கடைக்காரர் தம்ளரோடு திரையை எட்டிப் பார்த்தார்.

"நீங்களாவது கொஞ்சம் பாருங்களேன்" என்றாள் அவள். "ஒரு வாரமா மல்லுக்கட்டுறோம். அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல."

"சாருக்குத் தெரியலையா?" அவர் தண்ணீரை விழுங்கிவிட்டுச் சிரித்தார். "எங்க எல்லாருக்கும் பிளேன் போட்டுக் குடுத்ததே சார்தானேம்மா. புதுசா வர்றவங்களுக்காக உதவிப் பக்கம் எழுதுறாரு. எந்த வார்த்தையில ஆளு தடுக்கி விழுதுன்னு பாக்கணும், அதுக்குன்னு ஒண்ணும் தெரியாத ஒருத்தரை வீட்டுலயே உக்காத்தி வச்சிருக்கேன், தினமும் ராத்திரி எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுநாள் மொதல்லேருந்து செய்யச் சொல்றேன்னு சொன்னாரு. அது நீங்கதானா?"

பரணிலிருந்து பெட்டிகள் நகரும் சத்தம் நின்றது.

கணவர் பெடலை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளறை வாசற்படியில் வந்து நின்றார். மருந்துக்கடைக்காரர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பெடலை வாங்கிக்கொண்டு, கடையில் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கிப் போனார்.

திரையில் டிபெண்டன்சி இன்னும் காணாமல்தான் இருந்தது.

"சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார் கணவர். "சொல்லிட்டா நீ தெரிஞ்சவ மாதிரி பேச ஆரம்பிச்சிடுவே. நீ சொன்னதுல ஒரு வார்த்தைகூட விடல, தெரியுமா. எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கேன். அத்தனை பேருக்கும் பிரயோஜனமா இருக்கு."

"சரிங்க."

"கோவமா?"

"இல்லைங்க."

அது உண்மைதான். கோபத்துக்கு வேண்டிய தெம்பு இல்லை. அவர் காதுகள் அவளைக் கேட்டது நிஜம்தான். எதற்காகக் கேட்டன என்பதில்தான் அவள் ஃபோல்டர் மாறிப் போயிருந்தாள்.

அவர் மடக்கு நாற்காலியை நேராக்கினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரே ஒரு பாடம்தான் பாக்கி. போட்டதை எல்லாம் எப்படி எடுக்கிறதுன்னு. நாளைக்குச் சாயங்காலம் வேலையிலேருந்து வந்து கொஞ்ச நேரம் உக்காரேன். நான் பக்கத்துலயே இருப்பேன்."

அவள் எழுந்து மருந்துக்கடைக்காரர் குடித்த தம்ளரை எடுத்துக்கொண்டாள்.

"வேண்டாங்க. எனக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு. இனிமே நான் உங்களுக்கு உபயோகப்பட மாட்டேன்."