ஒன்பது கட்டில் போட்ட வீடு

பிள்ளைகளே, எந்தப் பொருளையும் சோதித்துப் பார்க்காமல் வாங்கக்கூடாது என்று வீட்டில் ஓயாமல் சொல்பவன் நான். அப்படிச் சோதித்துப் பார்த்ததால்தான் ஒருமுறை பொலிஸ் ஜீப்பில் வீட்டுக்கு வந்தேன் என்பதை மட்டும் சொல்வதில்லை.

யுத்த காலம். வெள்ளவத்தையில் இரண்டு அறை வாடகை வீடு. நான், மனைவி, மகள் மதுரா. மதுரா கட்டடப் படம் கீறும் படிப்பில் சேர்ந்திருந்தாள். திங்கட்கிழமைக்குள் கொம்பியூட்டரில் ஒரு படம் கீறிக் கொடுக்காவிட்டால் பெயில். அதற்கான சொப்ட்வெயர் வாங்க நான் புறப்பட்டேன். (கொம்பியூட்டரில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை தூசி தட்டுவது.)

கொட்டாஞ்சேனையில் கடைக்காரத் தம்பி இரண்டு சீடிகளை எடுத்து வைத்தார். ஒன்று பெரிய கம்பனிகள் பாவிப்பது. அதன் விலைக்குப் பழைய கார் ஒன்று வாங்கலாம். மற்றது மாணவர்களுக்கானது, மலிவு. அச்சடிக்கும் தாளின் ஓரத்தில் 'மாணவர்களுக்கானது' என்று ஒரு வரி விழும், அவ்வளவுதான்.

மலிவு என்றதும் எனக்குச் சந்தேகம்.

"எங்கட வீட்டை ஒருக்கா இதில கீறிக் காட்டுங்கோ தம்பி."

கீறினார். அறைக்குள் ஒரு கட்டிலையும் போட்டார். பொத்தானை அமத்தியதும் கட்டில் வந்து விழுந்தது! ஒரேயொரு கட்டில் உள்ள வீட்டுக்காரன் நான். சும்மா இருப்பேனா?

"இன்னொண்டு போடுங்கோ."

"காணும் அண்ணை, இடமில்லை."

"குசினி, அடுப்புப் பக்கம் சும்மாதானே கிடக்கு?"

ஒன்பதாவது கட்டிலோடுதான் என் சந்தேகம் தீர்ந்தது. சீடியை வாங்கி, அந்தப் படத்தையும் அச்சடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையையும், வீட்டில் யார் யார் என்று எழுதிய பொலிஸ் பதிவுப் பத்திரத்தையும் நீட்டினேன். இன்ஸ்பெக்டர் பையிலிருந்த தாளை விரித்தார்.

"மேக்க மொக்கத?"

இது என்ன என்று கேட்கிறார். என் வீடு என்று அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். (பெருமையாக வேறு.)

பதிவுப் பத்திரத்தைப் பார்த்தார்: மூன்று பேர். தாளில் கட்டில்களை விரலால் எண்ணினார்.

"மற்ற ஆறு பேரும் எங்கே?"

பதியாத ஒருவர் வீட்டில் தங்கியிருந்தாலே குடும்பத்தோடு அள்ளிக்கொண்டு போகும் காலம் அது. 'ஆசைக்குப் போட்ட கட்டில்' என்பதற்கு எனக்குச் சிங்களம் வரவில்லை.

ஜீப் எங்கள் ஒழுங்கையில் நின்றது. கதவைத் திறந்த மனைவி ஜீப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சீடி வாங்கப் போனனீங்களோ, ஜீப் வாங்கப் போனனீங்களோ?"

வீட்டைக் கிண்டினார்கள். ஒரு கட்டில், ஒரு பாய். "மிச்சத்தை எங்கே ஒளித்தாய்?" என்றார் இன்ஸ்பெக்டர். மதுரா முன்னால் வந்தாள். அவளுக்கு நல்ல சிங்களம். சீடியைப் போட்டுக் காட்டுகிறேன் என்றாள்.

எங்கள் கொம்பியூட்டருக்கோ அவசரமே தெரியாது. திரையில் நீலக் கோடு அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. பொலிஸ்காரர்களின் மூச்சு என் பிடரியில் பட்டது. கோடு நின்றது. என் நெஞ்சும் நின்றது. பிறகு, கடவுளே, திறந்தது!

மதுரா ஒரு அறை கீறினாள். கட்டில் போட்டாள், அழித்தாள். மறுபடி போட்டாள், அழித்தாள். இன்ஸ்பெக்டர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"தவ எக்கக் தாண்ட."

இன்னொன்று போடட்டாம்!

பதினொரு கட்டில் போட்ட பிறகுதான் எழும்பினார். சிரிக்கவில்லை. என் அடையாள அட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மதுரா அன்றிரவே படத்தைத் தொடங்கி, திங்களன்று கொடுத்துவிட்டாள்.

இன்று அவள் ஊரறிந்த கட்டடக் கலைஞர். ஆனால் அவள் கீறும் வீடுகளில் ஒரு கட்டில்கூட இருக்காது. படுக்கையறை ஏன் வெறுமையாகக் கிடக்கிறது என்று வீடு கட்டுகிறவர்கள் கேட்டால், என் பக்கம் கையைக் காட்டுவாள்.

"கட்டில் போடுறதெண்டா அப்பாவிட்டக் கேளுங்கோ. ஆனா ஆரார் படுக்கிறதெண்டு முதல்ல எழுதிக் குடுங்கோ."